ஆராய்ச்சி நிதி கேட்டு அனுப்பும் புரொபோசலை யார் படிக்கிறார்கள்? படித்து மதிப்பெண் போடும் ரெஃப்ரியின் தேர்வைச் சரிசெய்ய வழி உண்டா?

வைப்பாறு எழுதியது:

நிதி கிடைக்கவில்லை என்று புலம்புவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்காது என்று தெரிந்துதான் எல்லோரும் அனுப்புகிறோம். என் கேள்வி வேறு. நம் புரொபோசலைப் படிக்கப்போகிறவர் இன்னார்தான் என்று முடிவு செய்வது யார், எதை வைத்து?

தூத்துக்குடி உப்பளப் பாத்திகளில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி ஒரு புரொபோசல் அனுப்பியிருந்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இரண்டு அறிக்கைகள் வந்தன. முதலாமவர் உண்மையிலேயே படித்திருக்கிறார். மழைக்காலத்தில் பாத்திகள் நீர்த்துப்போகும்போது மாதிரி எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இரண்டாமவரின் அறிக்கை மொத்தமே மூன்று வரி. அதில் ஒரு வரி: "எந்தப் பயிர் ரகத்துக்கு இது பரிந்துரைக்கப்படுகிறது?" உப்பளத்தில் என்ன ஐயா பயிர் விளையும்? உப்பு, மண், நுண்ணுயிர் என்ற குறிச்சொற்களைப் பார்த்து உவர்நில விவசாயம் செய்கிறவருக்குத் தள்ளிவிட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

இருவருடைய மதிப்பெண்ணுக்கும் ஒரே எடை. அதுதான் உறுத்துகிறது.

செம்மண் எழுதியது:

மூன்று வரியா? கொடுத்து வைத்தவர். எனக்கு "புதுமை இல்லை" என்று இரண்டே சொல்.

பழைய கமிட்டிக்காரர் எழுதியது:

மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள்.

ரெஃப்ரியைத் தேர்ந்தெடுப்பது, நிதி யாருக்கு என்று முடிவு செய்யும் கமிட்டி என்று பலர் நினைக்கிறார்கள். கமிட்டி கூடுவதற்குள் அந்த வேலை முடிந்திருக்கும். ஒரு அதிகாரி இருப்பார். அவரும் விஞ்ஞானிதான், ஆனால் ஒரு துறை முழுவதும் அவர் ஒருவர் மேசையில் வந்து விழும். கையில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் இருப்பவை நாமே பதிவு செய்தபோது டிக் அடித்த குறிச்சொற்கள். எப்போதோ ஒருவர் "நானோ" என்று டிக் அடித்திருந்தால், அவர் அந்தத் துறையை விட்டு வருடக்கணக்கானாலும் நானோ புரொபோசல் அவரைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கும். ஆறு பேருக்கு மின்னஞ்சல் அனுப்புவார். இருவர் பதிலே போட மாட்டார்கள், இருவர் இந்த மாதம் முடியாது என்பார்கள், மிச்சம் இருவர். அடுத்த சுற்றில் அவர் யாரை முதலில் கேட்பார்? போன தடவை கெடுவுக்குள் அனுப்பியவரைத்தான். இப்படி நாலைந்து சுற்று ஓடினால், சொன்ன தேதிக்கு அனுப்புகிறவரே நிபுணர் என்று ஆகிவிடும்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, வேலைப் பளுதான். வைப்பாறு மேடம், உங்கள் இரண்டாவது ரெஃப்ரி அனேகமாக ஏழாவதாகக் கேட்கப்பட்டவர்.

புள்ளிவிவரப்பிள்ளை எழுதியது:

ஆள் மாறினால் முடிவும் மாறும் என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1981இல் ஸ்டீபன் கோல், ஜொனாதன் கோல், கேரி சைமன் ஆகிய மூவர், அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்எஸ்எஃப் ஏற்கெனவே முடிவு சொல்லியிருந்த 150 புரொபோசல்களை எடுத்து, வேறு ரெஃப்ரிகளிடம் புதிதாகக் கொடுத்தார்கள். இரண்டாவது குழுவும் அந்தந்தத் துறையில் தேர்ந்தவர்கள்தான். நிதி கிடைப்பதில் ஏறக்குறைய பாதி புரொபோசலின் குணம், மறுபாதி யார் கையில் சிக்கியது என்ற அதிர்ஷ்டம் என்று 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்.

2018இல் வந்த இன்னொரு ஆய்வில், அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச் நடத்தும் கூட்டத்தை அப்படியே ஒத்திகை போலச் செய்து பார்த்தார்கள். 43 ரெஃப்ரிகள், 25 விண்ணப்பங்கள். ஒரே விண்ணப்பத்தைப் படித்தவர்களின் மதிப்பெண்களுக்கு இடையே ஒற்றுமை என்று சொல்லும்படி எதுவும் தேறவில்லை. ஒன்று மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அந்த 25ம் முன்பே என்ஐஎச் நிதி பெற்றவை, அதாவது எல்லாமே நல்ல விண்ணப்பங்கள். முதல் வகுப்பு மாணவர்களை மட்டும் வைத்துத் தரவரிசை போடச் சொன்னால் ஆசிரியர்கள் அடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள். ஆனால் நிதி வழங்கும் கமிட்டிக்கும் தலைவலி அந்த இடத்தில்தான். மோசமானதைக் கழிக்க யாராலும் முடியும்.

இரண்டே இரண்டு ரெஃப்ரி என்பது கணக்குப்படி போதவே போதாது. அதிலும் ஒருவர் தவறான ஆள் என்றால் பேச வேண்டியதே இல்லை.

கோட்பாட்டான் எழுதியது:

ஸ்வீடன் கதையை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் இரண்டு பெண் விஞ்ஞானிகள், கிறிஸ்டின் வென்னெரோஸ், அக்னெஸ் வோல்ட். 1995இல் ஸ்வீடன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் முதுமுனைவர் பதவிகளுக்கு விண்ணப்பித்த 114 பேரில் 52 பேர் பெண்கள். கிடைத்த 20 பதவிகளில் பெண்களுக்கு வந்தது 4. மதிப்பெண்களைக் காட்டுங்கள் என்று இருவரும் கேட்டார்கள். கவுன்சில் மறுத்தது. நீதிமன்றம் அவை அரசு ஆவணங்கள், காட்டத்தான் வேண்டும் என்றது. வாங்கிக் கணக்குப் போட்டு 1997இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள்: ஓர் ஆணுக்குக் கிடைத்த அதே மதிப்பெண்ணைப் பெற ஒரு பெண் இரண்டரை மடங்கு வெளியீட்டுச் சாதனை காட்ட வேண்டியிருந்தது.

இந்தப் பாதிதான் உலகம் முழுக்கப் பரவியது. நமக்குத் தேவை அடுத்த பாதி. கமிட்டி உறுப்பினர் ஒருவரோடு தொடர்புடைய விண்ணப்பதாரருக்கும் கூடுதல் மதிப்பெண் விழுந்திருந்தது. இத்தனைக்கும் விதி இருந்தது, விதியைக் கடைப்பிடிக்கவும் செய்தார்கள். சொந்த ஆளின் விண்ணப்பம் வரும்போது அந்த உறுப்பினர் மதிப்பெண் போடக் கூடாது. அவர் போடவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவருக்காகச் சேர்த்துப் போட்டார்கள்.

பத்து வருடம் கழித்து அதே கவுன்சிலின் வாரிசு அமைப்பை வேறு இருவர் ஆராய்ந்து 2008இல் எழுதினார்கள். பெண்களுக்கு எதிரான சாய்வு போயே போய்விட்டது. தெரிந்தவருக்குச் சலுகை மட்டும் அப்படியே இருந்தது.

நம் ஊர் நிறுவனங்கள் விண்ணப்பதாரரோடு தொடர்பு, அதாவது நலன் முரண், இல்லை என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கதை முடிந்தது என்று இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

செம்மண் எழுதியது:

நம்மிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது. ரெஃப்ரி பெயரைக் கொடுக்கவே மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. பெயரை நீக்கிவிட்டு எல்லா மதிப்பெண்ணையும் ஒரு கோப்பாக வெளியிட்டால் புள்ளிவிவரப்பிள்ளை சார் பாக்கியைப் பார்த்துக்கொள்வார்.

நல்லூரான் எழுதியது:

எங்கட நாட்டில் ஒரு சிறிய துறைக்கு நாலு பேர் இருப்பம். ஒருவர் என் ஆசிரியர், ஒருவர் என் மாணவர், ஒருவரோடு நான் கதைக்கிறதில்லை. பிறகு யாரிட்ட அனுப்பிறது? வெளிநாட்டுக்குத்தான். வெளிநாட்டுக்காரருக்கு எங்கட ஆய்வுகூடத்தில் என்ன கருவி இருக்கு, மின்சாரம் எத்தனை மணித்தியாலம் வரும் என்று தெரியாது. "ஏன் இந்த அளவீட்டைச் செய்யவில்லை" என்று எழுதுவார். நெருங்கின ஆளை விலக்கினால் விபரம் தெரிஞ்ச ஆளையும் சேர்த்து விலக்கிற மாதிரித்தான்.

புள்ளிவிவரப்பிள்ளை எழுதியது:

நல்லூரான் அண்ணா சொன்னதற்கு நேரடிச் சான்றே உண்டு. பொருளியலாளர் டேனியெல் லி என்ஐஎச் தரவுகளை வைத்து இதையே கேட்டார். தன் ஆய்வோடு தொடர்புள்ள ஒருவர் கமிட்டியில் நிரந்தர உறுப்பினராக இருந்தால் விண்ணப்பதாரருக்கு வாய்ப்பு கூடுகிறதா? கூடுகிறது, அது சார்பு. ஆனால் அதே உறுப்பினர்கள் தங்கள் துறையில் எது தேறும், எது தேறாது என்று மற்றவர்களைவிட நன்றாகவும் கண்டுபிடிக்கிறார்கள். சார்பு ஒரு பக்கம், தகவல் ஒரு பக்கம். நெருக்கமானவர்களை மொத்தமாக விலக்கினால் தேர்வாகும் ஆராய்ச்சியின் தரம் குறையக்கூடும் என்பது அவர் முடிவு.

இன்னொரு ஆய்வு இதற்கு எதிர்த்திசையில் போகிறது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் 15 புரொபோசல்களை 142 பேரிடம் கொடுத்தார்கள். விண்ணப்பதாரர் பெயரை மறைத்து, யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். கெவின் பூட்ரோ குழு 2016இல் வெளியிட்டது. தன் துறைக்கு நெருங்க நெருங்க ரெஃப்ரி மதிப்பெண்ணைக் குறைத்தார். மிகப் புதுமையான புரொபோசலுக்கும் அடி விழுந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் தெரிந்து, கமிட்டியாக உட்கார்ந்தால் நெருக்கமானவர் தூக்கிவிடுகிறார். பெயர் தெரியாமல் தனியாக உட்கார்ந்தால் நெருக்கமானவர் நோண்டி நோண்டிக் குறை காண்கிறார். அதனால் நிபுணர் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியே எனக்குச் சரியாகப் படவில்லை. நிபுணரை எந்த நிலைமையில் உட்கார வைக்கிறோம் என்று கேட்பதுதான் பயன்.

விண்மீன்சுடர் எழுதியது:

ஜெர்மனியிலிருந்து. வானியலில் நாங்கள் பணம் கேட்பதில்லை, தொலைநோக்கி நேரம் கேட்கிறோம். ஆனால் பிரச்சினை இதேதான். அதனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நிறையச் சோதித்துவிட்டோம்.

ஹபிள் தொலைநோக்கிக்கு 2018இல் விண்ணப்பதாரர், ரெஃப்ரி என இருபக்கமும் பெயர் மறைத்தார்கள். அந்தச் சுற்றில் பெண்கள் தலைமையேற்ற விண்ணப்பங்களில் 8.7 சதவீதம் தேறின, ஆண்களுடையதில் 8.0. அதற்கு முந்தைய வருடங்களில் ஆண்கள் பக்கம்தான் தொடர்ந்து கூடுதலாக இருந்தது. வித்தியாசம் சின்னதுதான். ஒரே ஒரு சுற்றை வைத்து ஆடவும் கூடாது. ஆனால் கூட்டத்தில் பேச்சு மாறியது. "இவர் நல்ல ஆள், செய்து முடித்துவிடுவார்" என்று சொல்ல ஆளே தெரியாதே.

அடுத்ததுதான் இந்த இழைக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. 2009இல் மைக்கேல் மெரிஃபீல்ட், டொனால்ட் சாரி இருவரும் ஒரு யோசனை சொன்னார்கள்: ரெஃப்ரியைத் தேடி ஏன் அலைகிறீர்கள்? விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் அந்தத் துறைக்காரர்கள்தானே, அவர்களே ஒருவருடையதை ஒருவர் படித்துத் தரவரிசை போடட்டும். போடாதவரின் விண்ணப்பம் தள்ளுபடி. 2015இலிருந்து ஜெமினி தொலைநோக்கியில் மாதாமாதம் ஒரு சிறு பகுதி நேரத்தை இப்படித்தான் கொடுக்கிறார்கள். சிலியில் இருக்கும் அல்மா தொலைநோக்கி 2021இல் தன் பெரும்பாலான விண்ணப்பங்களை இந்த முறைக்கு மாற்றியது. ஆளுக்குப் பத்து. ஆறு பேருக்கு மின்னஞ்சல் போட்டுத் துரத்தும் வேலையே கிடையாது.

பழைய கமிட்டிக்காரர் எழுதியது:

போட்டிக்காரனையே நீதிபதியாக்குவதா? பத்தையும் கடைசி இடத்தில் தள்ளிவிட்டால் தன்னுடையது மேலே வந்துவிடுமே.

விண்மீன்சுடர் எழுதியது:

ஆயிரத்துக்கு மேல் விண்ணப்பம் இருக்கும்போது பத்தைத் தள்ளி உங்களுக்கு என்ன லாபம் சார்? தவிர, மதிப்பெண் இல்லை, தரவரிசை. ஒருவரைக் கீழே தள்ளினால் இன்னொருவர் மேலே போய்த்தான் ஆக வேண்டும்.

பெரிய கூட்டத்துக்குத்தான் இது ஒத்துவரும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். முப்பது பேர் கொண்ட துறையில் ஆபத்துதான்.

கோட்பாட்டான் எழுதியது:

என்எஸ்எஃப் 2013இல் சென்சார் துறைத் திட்டம் ஒன்றில் இதைச் சோதித்தபோது ஒரு வாலையும் ஒட்டியது. மற்றவர்களின் தரவரிசையோடு உங்கள் தரவரிசை ஒத்துப்போனால் உங்கள் விண்ணப்பத்துக்குச் சிறு ஊக்கம். ஏமாற்றுவதைத் தடுக்க. எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஊர் என்ன சொல்லுமோ அதையே நானும் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டால், விசித்திரமான நல்ல யோசனைக்குக் கை தூக்க யார் இருப்பார்கள்?

கணினிக்கிளி எழுதியது:

கணினித் துறையிலிருந்து ஒரு எச்சரிக்கை. எந்திரத்திடம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று அடுத்து யாராவது சொல்வீர்கள், அதற்குள் முந்திக்கொள்கிறேன்.

எங்கள் பெரிய கருத்தரங்குகளில் ரெஃப்ரியின் பழைய கட்டுரைகளையும் புதுக் கட்டுரையையும் ஒப்பிட்டு எந்திரமே பொருத்தம் பார்க்கும். டொராண்டோவில் உருவான ஒரு முறை பல வருடங்களாகப் புழக்கத்தில் இருக்கிறது. நிதி விஷயத்திலும் சீனாவின் தேசிய இயற்கை அறிவியல் அறக்கட்டளை இந்த வழியில் போகிறது. வருடத்துக்கு 3 லட்சத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் வேறு என்ன செய்வார்கள்? குறிச்சொல் டிக் அடிக்கும் முறையைவிட இது எவ்வளவோ மேல். வைப்பாறு அக்காவின் புரொபோசல் விவசாயிக்குப் போயிருக்காது.

ஆனால் எந்திரம் எப்படிப் பொருத்துகிறது என்று தெரிந்தவர்கள் அதை வளைப்பார்கள். எங்கள் துறையில் சிலர் கூட்டுச் சேர்ந்து ஒருவர் கட்டுரையை ஒருவர் மதிப்பிடக் கேட்டு வாங்கி உயர்த்திவிடுவதைப் பற்றி மைக்கேல் லிட்மன் 2021இல் பகிரங்கமாகவே எழுதினார். அதற்கு வந்த மருந்து எளிமையானது. பொருத்தமான இருபது பேரைக் கண்டுபிடி, ஆனால் அவர்களில் யாருக்குப் போகும் என்பதைக் குலுக்கலில் விடு. எந்த ஒருவருக்கும் குறிப்பிட்ட கட்டுரை கிடைக்கும் வாய்ப்பு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு வை. பொருத்தம் கொஞ்சம்தான் குறையும், கூட்டுச் சதி பெரிதும் அடிபடும்.

இன்னொரு குறை. கட்டுரை எண்ணிக்கை குறைந்தவரை எந்திரம் பார்க்கவே பார்க்காது. கல்லூரி ஆசிரியர்கள் பலர் அதன் கண்ணில் படவே மாட்டார்கள்.

செம்மண் எழுதியது:

விண்ணப்பதாரரே ரெஃப்ரி பெயர் பரிந்துரைக்கலாம் என்று சில படிவங்களில் இருக்கிறதே, அது எப்படி?

புள்ளிவிவரப்பிள்ளை எழுதியது:

சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2006 முதல் 2016 வரை வந்த 38,250 அறிக்கைகளை ஆராயக் கொடுத்தது. விண்ணப்பதாரர் பரிந்துரைத்த ரெஃப்ரிகள் கூடுதல் மதிப்பெண் போட்டிருந்தார்கள். ஆச்சரியம் இல்லை. அந்தக் கட்டத்தையே படிவத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். "இவர் வேண்டாம்" என்று சொல்லும் உரிமையை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. இரண்டு பெயருக்கு மேல் போகக் கூடாது.

வைப்பாறு எழுதியது:

கணினிக்கிளி தம்பி கடைசியாகச் சொன்னதில் நிற்கிறேன். இந்தியாவில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் 2023இல் வந்தது. 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்து பழைய நிதி அமைப்பான எஸ்இஆர்பி அதற்குள் அடங்கிவிட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்கிறார்கள். அதில் பெரும்பகுதி தனியாரிடமிருந்து வர வேண்டும், அது தனிக் கதை. மாநிலப் பல்கலைக்கழகங்களைக் கைதூக்கிவிட வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். டேர் திட்டத்தில் கல்லூரி ஆசிரியர்கள் பெரிய நிறுவனங்களுக்குப் போய் ஆராய்ச்சி செய்ய முன்பே வழி செய்திருந்தார்கள், நல்ல திட்டம். ஆனால் நிதி வாங்குகிறவர் பட்டியலில் எங்களைப் போன்ற கல்லூரி ஆசிரியர்களைச் சேர்ப்பதைப் பற்றி மட்டுமே பேச்சு. படித்து மதிப்பிடுகிறவர் பட்டியலில் எங்களைச் சேர்ப்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

என்ஐஎச் 2011 வாக்கிலிருந்து புதியவர்களுக்கென்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. இதுவரை கமிட்டியில் உட்காராத இளம் ஆசிரியர்கள் பெயர் கொடுக்கலாம். மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைவான விண்ணப்பங்களைக் கொடுத்துக் கூட்டத்தில் உட்கார வைப்பார்கள். எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பார்த்தவருக்குத்தான் எப்படி எழுத வேண்டும் என்பதும் பிடிபடும். எங்கள் பக்கம் புரொபோசல் எழுதத் தெரியவில்லை என்று குறை சொல்கிறவர்கள் இதை யோசிக்கலாம்.

ஒரு கடிதம் எழுதப்போகிறேன். இழையில் பேசியதை வைத்து மூன்று கேட்கப்போகிறேன். ஒன்று, பொருத்தமான பெரிய பட்டியலிலிருந்து குலுக்கல். இரண்டு, ஒவ்வொரு ரெஃப்ரியும் "இந்தத் துறை எனக்கு எவ்வளவு தெரியும்" என்று அறிக்கையிலேயே குறிக்க வேண்டும், கமிட்டி எடை போடும்போது அதைப் பார்க்க வேண்டும். மூன்று, பெயர் நீக்கிய மதிப்பெண்களை வருடா வருடம் வெளியிட வேண்டும்.

பழைய கமிட்டிக்காரர் எழுதியது:

நீங்கள் சொன்ன இரண்டாவது யோசனை வேலைக்கு ஆகாது. தெரியாது என்று எழுதிக் கொடுக்கிற பேராசிரியரை என் சர்வீஸில் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாகப் புரொபோசலின் மையக் கேள்வியைத் தன் சொந்த வாக்கியத்தில் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். படித்தாரா, புரிந்ததா என்பது அந்தப் பத்தியிலேயே தெரிந்துவிடும். உப்பளத்துக்குப் பயிர் ரகம் கேட்டவரின் பத்தியைக் கமிட்டி பார்த்திருந்தால் அறிக்கையை ஓரமாக வைத்திருக்கும்.

முழுக் குலுக்கலும் வேண்டாம். அதிகாரிக்கு அனுபவம் என்று ஒன்று இருக்கிறது. முதல் ரெஃப்ரியை அவர் தேர்வு செய்யட்டும், மற்ற இருவரைக் குலுக்கலில் எடுங்கள்.

புள்ளிவிவரப்பிள்ளை எழுதியது:

அது எனக்கு இன்னும் நல்லது. அதிகாரி தேர்ந்தவர், குலுக்கலில் வந்தவர், இருவர் மதிப்பெண்ணும் எங்கே பிரிகிறது என்று நாலு வருடத்தில் கணக்கே போட்டுவிடலாம். சாய்வு இல்லை என்று தெரிந்தால் அதிகாரிக்கும் அது நற்சான்றிதழ்தான்.

பழைய கமிட்டிக்காரர் எழுதியது:

சரி. ஆனால் குலுக்கலுக்குப் பெரிய பட்டியல் வேண்டும். வைப்பாறு மேடம், உங்கள் கல்லூரியில் கேட்டால் எத்தனை பேர் பெயர் கொடுப்பார்கள்? பெயர் கொடுப்பது வேறு, பதில் போடுவது வேறு. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வைப்பாறு எழுதியது:

பத்துப் பன்னிரண்டு பேர் கொடுப்பார்கள் சார். பாதிப் பேருக்கு முதல் தடவை ஒரு மாதிரி அறிக்கையைக் காட்ட வேண்டியிருக்கும். பதில் போடுவார்களா என்றால், செமஸ்டர் விடைத்தாள் திருத்தும் வாரங்களில் அனுப்பாமல் இருந்தால் போடுவார்கள். அந்தச் சமயத்தில் துணைவேந்தரே மின்னஞ்சல் அனுப்பினாலும் எங்களிடமிருந்து பதில் வராது.